மூக்குத்திக்கு ஒரு கட்டம்

தம்பி,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். இந்த வாக்கியம் இன்று தோன்றியதல்ல. பதின்மூன்று வயதில், சுங்காய்க்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, நாட்குறிப்புக்கென்று ஒரு பள்ளி நோட்டை ஒதுக்கி, அதன் முதல் பக்கத்தில் இதை எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். புத்தகம் படிக்கும் பிள்ளை என்று தோட்டம் முழுக்கப் பெயர் எடுத்திருந்த எனக்கு இப்படிப்பட்ட சபதங்கள் மிகவும் பிடிக்கும். தோட்டத்துக்கு மின்சாரம் ஆலை இஞ்சினிலிருந்து வரும். மாலை ஆறு மணிக்குப் போடுவார்கள், இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் என் குறிப்பு 'விளக்கை அணைத்துவிட்டார்கள்' என்ற வரியோடு முடியும். ஓராண்டுக்கு மேல் அப்படி எழுதினேன். அதில் ஒரே ஒரு நாள் அந்த வரி பொய். அந்த நாளைப் பற்றிச் சொல்லத்தான் ஈப்போ நூலகத்துக்கு வந்து, மாடியில் மூலை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். குனோங் ராபாட்டில் நம் வீட்டிலேயே உட்கார்ந்தால் உன் அப்பா என்ன எழுதுகிறாய் என்று கேட்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டது நினைவிருக்கும். "அம்மா, புக்ல உங்க பேரு எப்படிப் போடணும்? இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?" என்றாய். பிறகு, "இன்னொன்னு. படத்துக்கு மேல ஸ்கோர்ல 217ன்னு இருக்குல்ல, அது என்னான்னு ஒரு பிரேசில்காரன் கேக்குறான்" என்றாய். நான், "சும்மா ஒரு நம்பர்லா" என்று சொல்லிவிட்டு, கனடாவுக்கு எடுத்துப் போகக் கம்பளிச்சட்டை வாங்கிவிட்டாயா என்று பேச்சை மாற்றினேன். அது சும்மா ஒரு நம்பர் இல்லை. அந்தப் படமும் நான் வரைந்தது இல்லை.

இணையத்தில் நீயும் உன் நண்பர்களும் செய்வதை எனக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறாய். பழைய வீடியோ கேம்களை எடுத்து, சின்னச் சின்னக் கட்டங்களால் அவரவர் ஊருக்கும் மனத்துக்கும் ஏற்றபடி புதிதாக வரைகிறீர்கள். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் மாற்றி வரைந்தால் முதலில் வரைந்தவர் பெயரைக் கீழே போட வேண்டும் என்பது உங்கள் வழக்கம். தீபாவளிக்கு வந்தபோது பிஸ்கட் டின்னில் என் பழைய பத்திரிகைத் துண்டைப் பார்த்து, அதை அழகாக வண்ணம் கொடுத்து வரைந்து, 'என் அம்மா பதின்மூன்று வயதில் வரைந்ததிலிருந்து' என்று எழுதிப் போட்டாய். எத்தனை பேர் பாராட்டினார்கள். ஒவ்வொன்றையும் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். 'உன் அம்மா காலத்தை முந்தியவர்' என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டே நின்றதில் அன்று சோறு அடிப்பிடித்தது. அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள் அந்தப் பாராட்டை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இப்போது அது நீங்கள் எல்லோரும் சேர்ந்து போடும் அச்சுப் புத்தகத்தில் வரப்போகிறது, வெள்ளிக்கிழமைக்குள் நீ அனுப்ப வேண்டும் என்கிறாய். அச்சில் ஏறிவிட்டால் இரண்டாம் முறையும் நான் அதையே செய்தவளாகிவிடுவேன். இந்த முறை உன் கையால்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உன் தாத்தா தோட்டத்து ஆபீஸில் கிராணி. ஆட்கள் பெயரும் எண்ணும் எழுதும் செக்ரோல் புத்தகம் அவர் கையில் இருந்தது. அதனால் நாங்கள் இருந்தது ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி மேட்டில், முன்னால் ரோஜாச் செடி வைத்த தனி வீட்டில். தோட்டத்திலிருந்து சுங்காய் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள் நான்கு பேர். நான், ஆலை ஃபிட்டரின் இரண்டு பெண்கள், பிறகு லயத்திலிருந்து வரும் பச்சையம்மா. அவள் அம்மாவின் பெயர் சின்னம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்காரி. பஸ்ஸில் பச்சையம்மாவும் நானும்தான் ஒரே இருக்கையில் உட்காருவோம். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கீழே போவாள், நான் மேலே போவேன். அவள் வீட்டுக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவளும் எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக வந்ததில்லை. யாரும் கூடாது என்று சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

பள்ளி ஒன்றேகாலுக்கு விடும், பஸ் இரண்டரைக்குத்தான் வரும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சீனர் கோப்பிக் கடை. அந்த ஆண்டு அங்கே ஒரு கேம் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேலேயிருந்து ஏதேதோ உருவங்கள் வரிசையாக இறங்கும், கீழேயிருந்து சுட வேண்டும். நாங்கள் அதைப் பூச்சி கேம் என்போம். பையன்கள்தான் ஆடுவார்கள். பள்ளி உடுப்போடு பெண்பிள்ளைகள் அங்கே நின்றாலே யாராவது வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் நிற்போம். கடைக்காரக் கிழவர், "மெயின் தா மாவ், தெங்கொக் சாஜா" என்று முணுமுணுப்பார். விளையாடவும் மாட்டீர்கள், வெறுமனே பார்த்துக்கொண்டே நிற்பீர்கள் என்று அர்த்தம். யாரும் காசு போடாதபோது அந்த மெஷின் தானாகவே ஆடிக் காட்டும். பச்சையம்மாவுக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொள்வாள்.

"ஏய், இது பூச்சி இல்லலா. வெறும் கட்டம். இங்க பாரு, பதினோரு கட்டம் அகலம், எட்டுக் கட்டம் ஒசரம். எண்ணிட்டேன்."

"ரொம்பக் கிட்டப் போகாத, கண்ணு கெட்டுப் போயிரும்" என்றேன்.

"உனக்குப் புத்தகத்துலயே கெட்டுப்போச்சே சோடாபுட்டி, எனக்கு இதுல கெட்டா என்னா?"

அன்றே பஸ்ஸில் கணக்குப் பாட நோட்டைத் திறந்து, அதில் இருந்த கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி அந்தப் பூச்சியை அப்படியே கொண்டுவந்துவிட்டாள். நாங்கள் மூவரும் வாயைத் திறந்து பார்த்தோம். மறுநாளே ஒரு புதிய கட்டம் போட்ட நோட்டு வாங்கினோம். ஆளுக்கு இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் வரைவோம், பஸ்ஸில் கை மாறும். ஃபிட்டரின் பெரிய பெண் பூச்சிகளை எல்லாம் எங்கள் தலைமையாசிரியை முகமாக மாற்றினாள். சின்னவள் கீழேயிருந்து சுடுகிறவனை ஐஸைச் சுடும் ஐஸ்காரராக்கினாள். ஐஸை ஏன் சுட வேண்டும் என்று கேட்டால் அழுதுவிடுவாள். ஒருத்தி வரைந்ததை எடுத்து இன்னொருத்தி மாற்றியதில் ஒரு நாள் சண்டை வந்தது. அப்போது நான்தான் முதல் பக்கத்தில் சட்டம் எழுதினேன், சிவப்பு மையால், அடிக்கோடு போட்டு: யார் படத்தை யார் மாற்றினாலும் கீழே வலது மூலையில் முதலில் போட்டவர் பெயரை எழுத வேண்டும். தம்பி, உங்கள் வழக்கத்தை நீ எனக்கு விளக்கியபோது நான் ஏன் எழுந்து அடுப்படிக்குப் போனேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

இரண்டு மாதம் கழித்துப் பச்சையம்மா ஒரு முழுப் பக்கம் வரைந்து வந்தாள். மேலே பூச்சிகளுக்குப் பதிலாக மழை மேகங்கள். நடுவே மூன்று வரிசை பால் மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் பால் வடியும் மங்குக் கிண்ணம். கீழே ஒரு பெண், பக்கவாட்டில் பார்த்தபடி, தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் வாளி.

"இதென்னா?" என்றேன்.

"மழைக்கு முந்தி. கேம் பேரு அது. மேகம் வரிசை வரிசையா எறங்கும். மரத்துல படுறதுக்குள்ள எங்கம்மா எல்லா மங்குப் பாலையும் வாளியில ஊத்திப்புடணும். மழை முந்திக்கிட்டா பால் வீணு, அன்னைக்குச் சம்பளமும் வீணு."

"எத்தன உயிரு?"

"எங்கம்மாவுக்கு ஒரே உயிருதான்."

"ஸ்கோரு ஏன் 217?"

"அதோட பெரட்டு நம்பரு."

பெரட்டு என்றால் விடிவதற்கு முன் ஆபீஸுக்கு எதிரே ஆட்களை வரிசையாக நிறுத்தி எண் சொல்லிக் கூப்பிடுவது. கூப்பிடுகிறவர் உன் தாத்தா.

நாங்கள் மெஷினைப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தோம், அவள் அதைப் பிடித்துத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து விட்டாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. நிறையப் படிக்கிறவளுக்கு நல்லது எது என்று கண்டுபிடிக்கத் தெரியும். அதைத் தன்னால் செய்ய முடியவில்லை என்பதும் தெரியும். இதற்கு என்ன பெயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் நான் அதைச் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். பத்திரிகையின் ஞாயிறு மாணவர் பக்கத்துக்குக் கறுப்பு மையில் படம் அனுப்பலாம் என்றிருந்தது. அனுப்பலாம் என்றேன். "நீயே போட்டு அனுப்புலா, என் கோடு கோணலா வரும்" என்று சொல்லி நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

மூன்று மாலை உட்கார்ந்து நகல் எடுத்தேன். ஒவ்வொரு கட்டமாக, அளவுகோல் வைத்து, மை சிந்தாமல். பென்சிலில் வரைந்திருந்த அவள் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் மஞ்சளாக இருந்தது, அந்தப் பெண்ணின் முகத்தில். நான் அதைக் குழம்புக் கறை என்று முடிவு செய்தேன். நோட்டை வைத்துக்கொண்டே சாப்பிட்டிருப்பாள், லயத்து வீட்டில் மேசை ஏது என்று நினைத்தேன். மிகச் சரியாக ஒரு கட்டத்துக்குள், கோடு தாண்டாமல், ஒரு கறை எப்படி விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தை வெள்ளையாக விட்டேன். பிறகு, பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டிய கூப்பனை நிரப்பினேன். பெயர் என்று ஒரு சின்னக் கோடு. முதலில் பென்சிலால் இரண்டு பெயரையும் எழுதிப் பார்த்தேன், இது சத்தியம். அந்தக் கோட்டில் இடம் கொள்ளவில்லை. ஒன்றை அழித்தேன். எதை அழிப்பது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, இதுவும் சத்தியம். மூன்று மாலை வேலை செய்தது நான்தானே என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழித்தபோது அந்தக் காரணம்கூட மனத்தில் இருக்கவில்லை.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் தாத்தா அதை நான்கு தடவை பார்த்தார். என் பெயருக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே பார்த்தார், படத்தை அல்ல. திங்கட்கிழமை விடியற்காலை அதைக் கொண்டுபோய் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில், பெரட்டு நிற்கும் ஆட்கள் எல்லோரும் பார்க்கும்படி குத்திவைத்தார். எனக்கு அது தெரியாது. நான் பள்ளிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்ததும் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்தச் சின்னம்மா இருக்கே, 217, அது பலகைகிட்ட நின்னுக்கிட்டு நகர மாட்டேங்குது. ஐயா, நம்ம நம்பரு பேப்பர்ல வந்திருக்குங்குது. அப்புறம்தான் நானே பாக்குறேன். ஆமா, உனக்கு எப்படித் தெரியும் அந்த நம்பரு? செக்ரோல் புக்கத் தொட்டியா?"

"ஆமா" என்றேன்.

"ஆபீஸ் சாமானத் தொடாதன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார். ஆனால் கோபம் இல்லை. ஆட்கள் முன்னால் தன் மகளால் பெருமை வந்த நாள் அது. நான் செய்யாத ஒரு சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, செய்த குற்றத்தை மறைத்தேன். தம்பி, ஒருவர் அவசரமாக ஒரு தவற்றை ஒப்புக்கொண்டால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று பார். என்னிடம் அதைப் பார்த்திருந்தால் உன் சின்ன வயதிலேயே நீ நிறையக் கண்டுபிடித்திருப்பாய்.

அன்று மாலை பின்வாசலில் குரல் கேட்டது. சின்னம்மா நின்றிருந்தார், குளித்து, வேறு சேலை மாற்றி, கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவர், எண் மட்டும் படிப்பார். "கிராணி ஐயா மக எத்தனையோ நம்பரு இருக்க என் நம்பரப் போட்டிருக்கு. நல்லா இருக்கணும் தாயி" என்று சொல்லிக் கீரையைக் கொடுத்தார். அப்போது அடுப்படி விளக்கின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. இடது மூக்கில் ஒரு சின்ன மஞ்சள் கல் மூக்குத்தி. நான் கீரையை வாங்கிக்கொண்டேன். "சரிங்க" என்றேன்.  இரவு சாப்பாட்டுக்கு அந்தக் கீரையைத்தான் அம்மா பொரியல் செய்தார், நானும் சாப்பிட்டேன். பிறகு நாட்குறிப்பைத் திறந்தேன். 'என் படம் பத்திரிகையில் வந்தது. அப்பா மகிழ்ந்தார்' என்று எழுதினேன். மூன்றாவது வாக்கியம் எழுத வரவில்லை. மணி எட்டுகூட ஆகவில்லை. தலைக்கு மேல் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. 'விளக்கை அணைத்துவிட்டார்கள்' என்று எழுதி நோட்டை மூடினேன்.

மறுநாள் பஸ்ஸில் பச்சையம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், என்ன பதில் சொல்வது என்று இரண்டு மூன்று வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். அவள் பத்திரிகைத் துண்டை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தாள். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எங்கம்மா மூக்குத்தி எங்க?" என்றாள்.

நான் அவள் மடியிலிருந்த துண்டைக் குனிந்து பார்த்தேன்.

"விடியக்காலம் நானும் கூடப் போவேன்ல, சனி ஞாயிறுல. ஒரே இருட்டு. எல்லாருக்கும் தலைவெளக்கு ஒரே மாதிரி. எது எங்கம்மான்னு அந்த மூக்குத்தி மின்னுறத வெச்சுத்தான் கண்டுபிடிப்பேன். அது இல்லன்னா இது யாரு? யாரோ ஒரு பொம்பள."

என் பையிலிருந்த கட்ட நோட்டைக் கேட்டு வாங்கினாள். தன் பக்கத்தை மட்டும் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே நீங்களே சுத்துங்க" என்றாள். நோட்டு இன்னும் இரண்டு வாரம் சுற்றியது, பிறகு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு உன் தாத்தாவுக்கு ஈப்போ பக்கம் மாற்றலாகி நாங்கள் வந்துவிட்டோம். அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை.

உன்னிடமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்கு எட்டு வயதில் மாமா வாங்கிக் கொடுத்த கேம் பெட்டியை அலமாரி மேல் ஒளித்துவைத்தேன். படிப்பு கெட்டுவிடும் என்று சொன்னேன். நீயும் நம்பினாய், உன் அப்பாவும் நம்பினார். படிப்பு ஒன்றும் கெட்டிருக்காது. தொலைக்காட்சியில் அந்தக் கட்டங்கள் வரிசையாக இறங்குவதைப் பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். கூடத்தில் உட்கார்ந்து நீ என்னைக் கேட்காமலே நோட்டில் கட்டம் போட்டு வரைய ஆரம்பித்தபோது, தண்டனை வேறு வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். அது தண்டனை இல்லை என்று புரிய இவ்வளவு காலமாயிற்று.

உனக்குப் பதினாறு வயதிருக்கும்போது தெலுக் இந்தானில் ஒரு கல்யாணம், நீ வரவில்லை. சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண் என் முதுகைத் தட்டி, "சோடாபுட்டி, கண்ணாடி இன்னும் தடிச்சுப் போச்சே" என்றாள். பச்சையம்மா. அவள் மூக்கில் அந்த மஞ்சள் கல். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "எங்கம்மா போயிருச்சு. இது என்கிட்ட வந்துருச்சு" என்றாள். பிறகு, "இன்னும் கட்டம் போடுறியா?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திருக்காது. நானோ உன் பரீட்சை முடிவுகளைப் பற்றிப் பேசினேன். தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொண்டோம். அந்த எண் என் தொலைபேசியில் இத்தனை ஆண்டுகளாக இருந்தது, நான் அழைக்கவே இல்லை.

நேற்று அழைத்தேன்.

"யாரு?"

"நான்தான். கிராணி மக."

"அட. நீ உயிரோடதான் இருக்கியாலா? இரு, சட்டியில மீனு கெடக்கு, அடுப்பச் சின்னதா வெச்சிட்டு வாரேன்."

வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன் படத்தை, புத்தகத்தை, கூப்பனில் அழித்த பெயரை. அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மஞ்சள் கட்டத்தைக் குழம்புக் கறை என்று நினைத்ததைச் சொன்னபோதுதான் அந்த ம் நின்றது. 

"கறையா?" என்றாள். "நீ என்னைக் கேட்டிருக்கலாம்லா. பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"உங்கம்மாகிட்ட நீ சொல்லலியா, படம் நீ போட்டதுன்னு?"

"பலகையில படம் இருக்குன்னு கேட்டதும், சொல்லணும்னுதான் அன்னைக்கு வீட்டுக்கு ஓடுனேன். அதுக்குள்ள எங்கம்மா லயம் முழுக்கப் போயி, என் நம்பரு பேப்பர்ல வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டு நிக்குது. அந்த நம்பரக் கூப்புட்டா வேலைக்குத்தான் கூப்புடுவாங்க, இல்ல திட்டுறதுக்கு. மொத மொத அதுக்கு ஒரு சந்தோசம். நான் போட்டேன்னா, பெத்த புள்ள போட்டுச்சு, அதுல என்னா இருக்கும்பாங்க. கிராணி மக போட்டதுன்னாத்தான் லயத்துக்குப் பெருசு. அதான் வாய மூடிக்கிட்டேன். சாகுற வரைக்கும் உன்னைய வாழ்த்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

 புத்தகத்தில் பெயரை மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அதெல்லாம் எதற்கு, பழைய கதை, விடு என்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அதையும் மறைக்கவில்லை.

"மாத்தாம? அப்புறம் எதுக்கு நீ போன் பண்ணுன?" என்றாள். "முழுப் பேரா போடச் சொல்லு. சின்னம்மா மக பச்சையம்மா. அப்பா பேரு ஐ.சி. கார்டுல இருக்கு, அதுக்கு அது போதும். இதுல எங்கம்மா பேருதான் வரணும். மூக்குத்தியும் வைக்கச் சொல்லு."

"அந்தப் பக்கம், நீ கிழிச்சியே, அது இருக்கா?"

"வீடு மாறுனதுல எங்கயோ போச்சு. அதான் உன் மகன் போடுறது சரியா இருக்கணும்."

ஆகவே தம்பி, நீ செய்ய வேண்டியது இதுதான். நீ அந்தப் பெண்ணின் முகத்துக்கு நான்கு கட்டம் வைத்திருக்கிறாய், இரண்டின் மேல் இரண்டு. கீழ் வரிசையில், முன் வாளியைப் பார்த்திருக்கும் பக்கத்துக் கட்டத்தை மஞ்சளாக்கு. சேலையின் ஓரத்துக்கு நீ கொடுத்திருக்கும் மஞ்சள் வேண்டாம், அதைவிடப் பளிச்சென்று, இருட்டில் தேடுகிறவளுக்குக் கிடைக்கிற மாதிரி இருக்கட்டும். 217 யாருடைய எண் என்று அந்தப் பிரேசில்காரருக்குச் சொல். கீழே வலது மூலையில் 'சின்னம்மா மகள் பச்சையம்மா' என்று எழுது. இடம் போதவில்லை என்றால் படத்தைச் சின்னதாக்கு, பெயரைச் சின்னதாக்காதே. நகலெடுத்தது உன் அம்மா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் அது பொய்யாகாது. சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையும் இருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்வது நீயும் நானும் அல்ல. அவளைக் கேள். அவள் தொலைபேசி எண்ணைக் கீழே எழுதித் தருகிறேன். மாலை ஐந்துக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன் சமையலில் இருப்பாள். அத்தை என்று கூப்பிடு.

உன் நண்பர்கள் முன்னால் உனக்குத் தலைகுனிவாக இருக்கும். என்னால் வந்தது அது. அதனால் இந்தக் கடிதத்தையும் படத்தோடு சேர்த்து அவர்கள் படிக்கும் இடத்தில் போட்டுவிடு, தொலைபேசி எண்ணை மட்டும் எடுத்துவிட்டு. பொய் சொன்னது மகன் இல்லை, அம்மா என்று அவர்களுக்குத் தெரியட்டும். கனடாவில் நீ பலரோடு சேர்ந்து கேம் செய்யப் போகிறாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் போட்ட ஒரு கட்டம் உனக்குப் புரியாமல் போகும் நாள் வரும். கறை என்று முடிவு செய்வதற்கு முன் கேட்டுவிடு. பக்கத்தில்தானே உட்கார்ந்திருப்பார்.

நூலகத்துப் பெண் வந்து, "அக்கா, லாகி லீமா மினிட்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இன்னும் ஐந்து நிமிடம்தான். அந்தக் கோடியிலிருந்து வரிசை வரிசையாக விளக்குகளை அணைத்துக்கொண்டு வருகிறார். பத்திரிகை வைத்திருக்கும் வரிசை போயிற்று, பிள்ளைகள் புத்தக வரிசை போயிற்று. என் மேசைக்கு மேலே ஒன்று மட்டும் மிச்சம். அவர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். எழுத வேண்டியது எதையும் விடவில்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன். தலையாட்டினேன்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.